எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மீட்டர் துடிக்கிறதா? ஸ்மார்ட் கருவிகளின் காத்திருப்பு மின்சாரத்தைத் தேடிப் பிடிக்கும் முறை

மதுரை திருநகரில் இருக்கும் என் அண்ணன் வீட்டில் எட்டு ஸ்மார்ட் பல்புகளும் ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கரும் நான்கு கண்காணிப்புக் கேமராக்களும் புது டிவியும் ஒரே பருவத்தில் வந்து சேர்ந்தன. அதற்குமுன் ஒருபோதும் 500 யூனிட்டைத் தாண்டாத இரண்டு மாதக் கணக்கு, அடுத்த ரீடிங்கில் 515 என்று நின்றது. மதினி பழியைப் பல்புகள் மேல் போட்டார். "அணைச்சாலும் அதெல்லாம் உள்ளுக்குள்ள முழிச்சுக்கிட்டுத்தான் இருக்குமாம் தம்பி" என்றார். அவர் சொன்ன செய்தி உண்மை. ஆனால் குற்றவாளி வேறு. அன்றிரவு நாங்கள் தேடிய வரிசையை ஒட்டியே, எந்த அறிகுறிக்கு எங்கே பார்க்க வேண்டும் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

ஒரு கணக்கை மட்டும் முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இடைவிடாமல் இழுக்கப்படும் ஒரு வாட், 60 நாளில் 1.44 யூனிட்டாகிறது. காத்திருப்பு மின்சாரத்தை, அதாவது அணைத்த பிறகும் கருவிகள் இழுக்கும் மின்சாரத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் இந்த எண்ணால் பெருக்கிப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

அறிகுறி: புழக்கம் கூடவில்லை, பில் கூடிவிட்டது

கருவிகளை ஒவ்வொன்றாகச் சந்தேகிப்பதற்கு முன், வீடு தூங்கும்போது மொத்தம் எவ்வளவு இழுக்கிறது என்பதை அளக்க வேண்டும். அதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. வட்டத் தகடு சுழன்ற பழைய மீட்டர் போய்விட்டாலும் 'மீட்டர் ஓடுது' என்ற பேச்சு நம்மிடம் போகவில்லை. இப்போதைய மின்னணு மீட்டரில் ஓடுவதற்குப் பதிலாக ஒரு சிறு சிவப்பு விளக்கு துடிக்கிறது. மீட்டரின் முகப்பில் 3200 அல்லது 1600 போன்ற ஓர் எண் அச்சாகியிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அந்த விளக்கு எத்தனை முறை துடிக்கும் என்பதே அந்த எண். 3200 என்றிருந்தால், 1125ஐ இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட வினாடிகளால் வகுத்தால் வருவது அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட். 1600 என்றிருந்தால் 2250ஐ வகுக்க வேண்டும். ஒரே ஓர் இடைவெளியை அளந்தால் பிழை வரும் என்பதால், பத்துத் துடிப்புகள் வரை எண்ணி, ஆன நேரத்தைப் பத்தால் வகுப்பது நல்லது.

அளப்பதற்குமுன் விளக்கு, மின்விசிறி, டிவி எல்லாவற்றையும் வழக்கமாக எப்படி அணைப்பீர்களோ அப்படியே, அதாவது ரிமோட்டிலோ கைபேசியிலோ அணையுங்கள். அப்படி அணைப்பவற்றின் சுவர் சுவிட்சைத் தொடாதீர்கள். ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் தானே ஓடித் தானே நிற்பதால் கணக்கைக் குழப்பிவிடும். அதை மட்டும் சுவிட்சில் அணைத்துவிடுங்கள். கதவைத் திறக்காமலிருந்தால் அரை மணி நேரத்தில் உள்ளே எதுவும் கெடாது. முடிந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள்; நான் ஒருமுறை மறந்து, மறுநாள் காலையில் இட்லி மாவு பொங்கி ஃபிரிட்ஜின் அடித்தட்டு வரை வழிந்திருந்தது.

அண்ணன் வாசலில் கைபேசியின் ஸ்டாப்வாட்ச்சோடு நின்றார். பத்துத் துடிப்புக்கு 160 வினாடி ஆனது. ஒரு துடிப்புக்கு 16 வினாடி, அதாவது சுமார் 70 வாட். யாரும் எதையும் பயன்படுத்தாத நிலையில் இரண்டு மாதத்துக்கு ஏறத்தாழ 100 யூனிட். வீடுகளுக்கு அரசு விலையில்லாமல் தரும் 100 யூனிட் அப்படியே, வீட்டில் ஒருவரும் தொடாத கருவிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்து ஒவ்வொரு கருவியாகச் சுவர் சுவிட்சில் அணைத்துத் துடிப்பை மறுபடி எண்ண வேண்டும். எட்டுப் பல்புகளையும் முழுதாக அணைத்தபோது 16 வினாடி 17கூட ஆகவில்லை. எட்டும் சேர்ந்து மூன்று வாட் அளவுதான். செட்டாப் பாக்ஸை மட்டும் அணைத்தபோது அது 19 வினாடியானது. மதினியின் முகத்தில் அப்போது வந்த மாற்றத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. இறுதியில் கிடைத்த கணக்கு இது: கேமராக்களும் பதிவுப் பெட்டியும் 20 வாட், இன்வெர்ட்டர் 13, ரௌட்டரும் ஃபைபர் பெட்டியும் 12, செட்டாப் பாக்ஸ் 11, டிவி 9, பல்புகள் எல்லாம் சேர்த்து 3, ஸ்பீக்கர் 2. இவற்றில் கேமராவும் ரௌட்டரும் காத்திருக்கவில்லை, வேலை பார்க்கின்றன. அவற்றின் மின்சாரத்தை வீண் என்று எழுதுவது நியாயமாகாது. பல்புகளிலும் ஸ்பீக்கரிலும் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. கைவைக்கத் தக்கவை இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ், டிவி என்ற மூன்றுதான்.

தனியாக ஒரே ஒரு சிறு கருவியை இந்த முறையில் அளக்க முயலாதீர்கள். மிகக் குறைந்த மின்னோட்டத்தில் மீட்டர் எண்ணத் தொடங்குவதே இல்லை என்பதால், ஒரு பல்பின் அரை வாட்டுக்காக விடிய விடிய வாசலில் நிற்க நேரிடும். மற்றவை ஓடும்போது ஒன்றை நீக்கி, வித்தியாசத்தைப் பார்ப்பதே வழி.

இந்த மூன்றையும் சரிசெய்தால் இரண்டு மாதத்தில் குறையும் முப்பது யூனிட்டுக்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்களுக்கு, தமிழ்நாட்டுக் கட்டண அமைப்பிலேயே விடை இருக்கிறது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீதங்களை எடுத்துக்கொண்டால், 500 யூனிட்டுக்குள் நிற்பவருக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ₹2.25, 201 முதல் 400 வரை ₹4.50, அதற்குமேல் ₹6. ஆனால் 500ஐத் தாண்டிவிட்டால் அந்த ₹2.25 சலுகை போய், 101இலிருந்தே ₹4.50 கணக்கிடப்படுவதோடு, 501 முதல் 600 வரையுள்ள யூனிட்டுகள் ₹8 ஆகின்றன. அதன்படி 515 யூனிட்டுக்கு ₹2,070. 483 யூனிட்டுக்கு ₹1,623. முப்பத்திரண்டு யூனிட் குறைந்ததற்கு ₹447 மிச்சம். 300 யூனிட் எரிக்கும் வீட்டில் அதே முப்பத்திரண்டு குறைந்தால் ₹144 மட்டுமே. வீதங்கள் அதன்பின் ஏறியிருக்கின்றன. எனவே உங்கள் பில்லில் உள்ள வீதத்தை வைத்துக் கணக்கிடுங்கள். எல்லையை ஒட்டி நிற்கும் வீட்டுக்குத்தான் இந்தத் தேடல் பணமாகிறது.

அறிகுறி: மெயின் சுவிட்சையே அணைத்த பிறகும் மீட்டர் துடிக்கிறது

இது ஸ்மார்ட் கருவிகளின் வேலை இல்லை. மீட்டரில் எப்போதும் சீராக எரியும் விளக்கு, மின்சாரம் வந்திருப்பதை மட்டும் காட்டுவது. அதைத் துடிப்பு விளக்கு என்று எண்ணிவிடக்கூடாது. துடிப்பு விளக்கேதான் துடிக்கிறது என்றால், மீட்டருக்கும் மெயின் சுவிட்சுக்கும் நடுவில் எங்கோ ஒரு கிளை போகிறது. பின்னாளில் மாடி எடுத்துக் கட்டிய வீடுகளில் படிக்கட்டு விளக்கோ மோட்டாரோ மாடிப் போர்ஷனோ இப்படி இணைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். மீட்டரின் முத்திரையைத் தொடாதீர்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்துக் கிளையைக் கண்டறியச் சொல்லுங்கள். கிளை எதுவும் இல்லை என்று உறுதியானால், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து மீட்டரைச் சோதிக்கக் கேட்கலாம்.

அறிகுறி: டிவியும் செட்டாப் பாக்ஸும் அணைந்திருந்தாலும் கை வைத்தால் சூடாக இருக்கின்றன

புறங்கையைப் பெட்டியின் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு மணி நேரமாக அணைந்திருக்கும் பெட்டி வெதுவெதுப்பாக இருந்தால், அது அணையவில்லை என்று பொருள். ரிமோட்டில் அணைக்கும்போது பல செட்டாப் பாக்ஸ்கள் படத்தை மட்டும் நிறுத்திக்கொள்கின்றன. உள்ளே அலைவாங்கியும் ப்ராசஸரும் விழித்திருந்து நிகழ்ச்சி அட்டவணையைச் சேகரிக்கின்றன. டிஷ் வகையானால் மொட்டைமாடியில் இருக்கும் டிஷ்ஷின் மூக்குப் பகுதிக்கும் கம்பி வழியே மின்சாரம் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. அண்ணன் வீட்டுப் பெட்டி ஓடும்போது 13 வாட், 'அணைந்த' பின் 11 வாட். இதற்கு நிவாரணம் சுவர் சுவிட்ச் ஒன்றே. மறுபடி போட்டால் படம் வர ஒரு நிமிடத்துக்கு மேலாகும் என்பதை வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்; இல்லாவிட்டால் மூன்றாம் நாளே சுவிட்ச் நிரந்தரமாகப் போடப்பட்டுவிடும். நாளுக்கு 19 மணி நேரம் அணைந்தால் இரண்டு மாதத்தில் 12 யூனிட்டுக்கு மேல் குறைகிறது.

டிவியின் கதை வேறு. இன்றைய ஸ்மார்ட் டிவி ஒழுங்காக உறங்கினால் அரை வாட் அளவே இழுக்கும். அது 9 வாட் இழுத்ததற்குக் காரணம், அமைப்புகளில் 'குவிக் ஸ்டார்ட்' என்ற வசதி போடப்பட்டிருந்தது. பட்டனை அழுத்தியதும் சில நொடிகளில் படம் வருவதற்காக, டிவி தூங்காமல் கண்ணை மட்டும் மூடிக்கொண்டிருக்கும் ஏற்பாடு அது. அதை நீக்கியதும் 9 வாட் ஏறக்குறைய முழுதும் மறைந்தது. அந்தப் பெயரில் தேடிக் கிடைக்காவிட்டால், பவர் அல்லது மின்சேமிப்புப் பகுதியில் உடனடித் தொடக்கம், நெட்வொர்க் வழி எழுப்புதல் என்ற பொருளில் உள்ள வசதிகளைத் தேடுங்கள். ஸ்பீக்கரிடம் சொல்லி டிவியைப் போடும் பழக்கம் இருந்தால் இரண்டாவதை நீக்க முடியாது; எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

காத்திருப்பில் எந்தக் கருவியும் ஒரு வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது என்ற இலக்கைப் பன்னாட்டு எரிசக்தி முகமை 1999இலேயே முன்வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் சாதாரணக் காத்திருப்புக்கு அரை வாட் என்று வரம்பு கட்டியது. ஆனால் இணையத்தோடு கட்டுண்ட கருவிகளுக்குத் தனியாக, தாராளமான வரம்புகளை வைக்க வேண்டியிருந்தது. வைஃபையில் இருப்பது எப்போது அழைப்பு வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் காரணம்.

அறிகுறி: மின்தடை இல்லாத நாளிலும் இன்வெர்ட்டர் இரைகிறது, பாட்டரி சுடுகிறது

ஸ்மார்ட் வீட்டைப் பற்றிய பேச்சில் இன்வெர்ட்டர் வருவதே இல்லை; ஆனால் நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் முதல் மூன்று இடங்களுக்குள் அது நிற்கிறது. மின்சாரம் இருக்கும்போதும் அதன் உள்ளே சார்ஜர் உயிரோடுதான் இருக்கிறது. பாட்டரி நிரம்பிய பின்பும் அதை நிரம்பிய நிலையில் வைத்திருக்கச் சிறிது சிறிதாக மின்சாரம் ஊட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல பாட்டரி இதற்கு மிகக் குறைவாகவே ஏற்கும். வயதான பாட்டரி, குறிப்பாக அதன் ஆறு அறைகளில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆன பாட்டரி, நிரம்பவேண்டிய வோல்ட்டேஜை எட்டாததால், சார்ஜர் ஓயாமல் ஊட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த மின்சாரம் சூடாகவும் குமிழிகளாகவும் போகிறது.

இதை அளப்பதில் ஒரு பொறி இருக்கிறது. இன்வெர்ட்டரின் பிளக்கை அணைத்தால், அதில் கோத்திருக்கும் விளக்கும் ரௌட்டரும் அந்தக் கணமே பாட்டரிக்கு மாறிவிடும்; மீட்டரில் அவற்றின் சுமையும் சேர்ந்து குறையும்; குறைந்தது முழுவதும் இன்வெர்ட்டருடையது என்று தவறாக எழுதிவிடுவோம். எனவே இன்வெர்ட்டர் லைனில் உள்ளவற்றையெல்லாம் முதலில் அணைத்துவிட்டு, பிறகு பிளக்கை அணைத்து வித்தியாசத்தைப் பாருங்கள். பாட்டரி முழுதாக நிரம்பிய நாளில், அதாவது மின்தடை நடந்து ஒரு நாளாவது கழிந்த பிறகு அளக்க வேண்டும்.

வித்தியாசம் பத்து வாட்டை நெருங்கினாலோ தாண்டினாலோ பாட்டரியைத் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அந்தப் பக்கத்து அறை கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீர் சீக்கிரம் குறைவதும் அழுகிய முட்டை வாடையும் அதே கதையைச் சொல்பவை. வாடை வந்தால் சன்னல்களைத் திறந்துவிட்டு, சார்ஜரை அணைத்துவிட்டு, பழுதுபார்ப்பவரை அழையுங்கள். நீர்மட்டம் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். நம் பகுதி போர்த் தண்ணீர் குடத்தில் வெள்ளைப் படிவு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், அது பாட்டரித் தகட்டிலும் தன் வேலையைக் காட்டும்.

அண்ணன் வீட்டில் பாட்டரியை மாற்றிய பின் 13 வாட் 6 ஆனது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவே புதுப் பாட்டரி வாங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அதன் விலையை இந்தச் சேமிப்பு ஈடுகட்டாது. அரை மணி நேரம்கூடத் தாங்காத பாட்டரியை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். இன்வெர்ட்டரை நாள்கணக்கில் அணைத்தே வைக்கும் யோசனையும் வேண்டாம். பாட்டரி தானாகவே வடிந்து, மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் கையை விரித்துவிடும்.

அறிகுறி: அணைத்த பல்பு இருட்டில் மங்கலாக ஒளிர்கிறது, அல்லது விட்டுவிட்டு மின்னுகிறது

சாதாரண சுவிட்சு உள்ள இடத்தில் இப்படி நடந்தால், சுவிட்ச், மின்சாரம் வரும் பேஸ் கம்பியில் இல்லாமல், அது திரும்பிப் போகும் நியூட்ரலில் போடப்பட்டிருக்கலாம். ஒயர்களுக்கு இடையே கசியும் சொற்ப மின்னோட்டமே எல்.இ.டி.யை ஒளிரச் செய்யப் போதுமானது. இழப்பு ஒன்றும் பெரிதில்லை, ஆபத்துதான் பெரிது. சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் பல்பு மாற்றப் போகிறவரின் கைக்கு ஹோல்டரில் பேஸ் காத்திருக்கிறது. இதை உடனே சரிசெய்யச் சொல்லுங்கள்.

ஸ்மார்ட் சுவிட்ச் பொருத்திய பிறகுதான் இப்படியானது என்றால் காரணம் வேறு. பழைய வீடுகளின் சுவிட்ச் போர்டில் நியூட்ரல் கம்பி வந்திருக்காது. நியூட்ரல் வேண்டாத வகை ஸ்மார்ட் சுவிட்ச், தான் விழித்திருக்கத் தேவையான மின்னோட்டத்தைப் பல்பின் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. பல்பு மிகச் சிறியதாக இருந்தால் அந்த ஓட்டம் ஒளியாகத் தெரிகிறது. பல்புக்கு இணையாக ஒரு பைபாஸ் கெபாசிட்டர் போட்டால் மறையும். பல சுவிட்சுகளோடு அது சேர்ந்தே வரும், பொருத்துபவர் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பார்.

அறிகுறி: வெளியூர் போய்த் திரும்பினால் பல்புகள் எல்லாம் எரிந்துகொண்டிருக்கின்றன

மின்தடை முடிந்து மின்சாரம் வந்ததும் எரிய வேண்டும் என்பதே பல ஸ்மார்ட் பல்புகளின் பிறவிக்குணம். சுவர் சுவிட்சைப் போட்டால் எரியாத பல்பை யாரும் பழுது என்றே நினைப்பார்கள் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். செயலியில் ஒவ்வொரு பல்புக்கும் 'மின்சாரம் திரும்பியதும்' என்ற அமைப்பைத் தேடி, 'முன்பிருந்த நிலை' என்று மாற்றுங்கள். 9 வாட் பல்பு எட்டு, இரண்டு நாள் எரிந்தால் மூன்றரை யூனிட். அந்தப் பல்புகள் ஒன்றரை மாதம் காத்திருந்து குடிப்பதற்குச் சமம்.

அறிகுறி: அளக்கும் கருவிகள் ஆளுக்கொரு கணக்குச் சொல்கின்றன

எலக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டரைப் போட்டு 0.18 ஆம்பியர் என்று காட்டுவார். 230ஆல் பெருக்கி 41 வாட் என்பார். இந்தப் பெருக்கல் ஹீட்டருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் பொருந்தும். அடாப்டர் வைத்த சிறு கருவிகளில் பவர் ஃபேக்டர், அதாவது இந்தப் பெருக்கலில் உண்மையான வாட் எத்தனை பங்கு என்ற விகிதம், குறைவாக இருப்பதால் உண்மையான வாட் அதில் பாதிகூட இல்லாமல் போகலாம். வீட்டு மீட்டர் உண்மையான வாட்டைத்தான் எண்ணுகிறது. ஆகவே துடிப்பு விளக்கின் பேச்சே இங்கு இறுதியானது. மறுபுறம், மின்சாரம் அளக்கும் ஸ்மார்ட் பிளக்குகள் ஓரிரு வாட்டுக்குக் கீழே சுழியம் என்று காட்டிவிடலாம். ஐந்தாறு சிறு கருவிகளை ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கோத்து, ஒரு முழு நாள் மொத்தமாக அளந்தால் ஓரளவு நம்பலாம்.

அறிகுறி: ஸ்மார்ட் பிளக் போட்டும் பில் குறையவில்லை

ஸ்மார்ட் பிளக்கும் வைஃபையில் விழித்திருக்கும் ஒரு கருவிதான். தனக்கென்று அரை வாட் முதல் ஒரு வாட் வரை எடுத்துக்கொள்ளும். கைபேசி சார்ஜர் சும்மா கிடக்கும்போது இழுப்பது அதைவிடக் குறைவு. அதை அணைக்க ஸ்மார்ட் பிளக் போடுவது சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்ற கதைதான். செட்டாப் பாக்ஸைப் போலப் பத்து வாட் இழுப்பவற்றுக்கு மட்டும் போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஏசியை பிளக் வழியே வெட்டாதீர்கள். ரிமோட்டில் அணைத்து, உள்விசிறி நின்ற பிறகே அதற்கான எம்சிபி சுவிட்சை இறக்க வேண்டும்.

இரவில் ரௌட்டரை அணைக்கும் வீடுகளில் இன்னொரு சிக்கல் வரும். நேர அட்டவணையை உள்ளேயே வைத்துக்கொள்ளும் பிளக்குகள் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். ஆனால் மின்தடைக்குப் பின் கடிகாரத்தைத் தொலைத்துவிட்டு, இணையம் வரும்வரை நேரம் தெரியாமல் நிற்கும். மின்சாரம் திரும்பி ரௌட்டர் முழுதாக எழ இரண்டு மூன்று நிமிடமாகும். அதுவரை பிளக்கின் விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். அதைக் கண்டு பட்டனை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்துவிடாதீர்கள். செய்தால் அட்டவணை எல்லாம் அழிந்து, முதல் நாள்போல மறுபடியும் செயலியில் சேர்க்க வேண்டியிருக்கும்.